அழிந்துபோன வாசகங்கள்

சிங்கப்பூரில் எங்கள் பங்குக் கோயிலின் தமிழ்ச் சமூகத்துக்கு ஓர் இணையதளம் இருந்தது. பூசை நேரங்கள், இந்த வாரம் ஜெபக்கூட்டம் யார் வீட்டில் என்ற அறிவிப்பு, யாராவது இறந்துவிட்டால் அடக்கப் பூசை விவரம், இவ்வளவுதான். இதற்காக மட்டும் யாரும் அதைத் திறந்திருக்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவிலேயே எல்லாம் வந்துவிடும். ஆட்கள் அதைத் தேடி வந்தது ஒலிப்பதிவுகளுக்காக. ஞாயிறு தமிழ்ப் பூசையில் வாசிக்கப்படும் விவிலிய வாசகங்களைப் பதிவு செய்து, வாசித்தவர் பெயரோடு ஏற்றிவைப்போம். ஷிஃப்ட் வேலையால் பூசைக்கு வர முடியாதவர்களும் படுக்கையில் கிடப்பவர்களும் கேட்கட்டும் என்று தொடங்கியது. எட்டு ஆண்டுகள் நடந்தது. அதை ஒரு புதன்கிழமை மதியம், அலுவலகச் சாப்பாட்டு இடைவேளையில், நான் அழித்தேன்.

தளத்தை உருவாக்கியவர் கிளமெண்டியில் குடியிருந்த ஓர் அண்ணன். சொந்த அண்ணன் இல்லை. பங்கில் எல்லாருக்குமே அவர் அண்ணன்தான். கணினித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இலவசமாகக் கிடைக்கும் பக்கம் ஒன்றே போதுமே என்று தமிழ்ச் சமூகக் கமிட்டியில் சிலர் சொன்னபோது, "அதெல்லாம் அந்தக் கம்பெனிக்காரன் நெனச்சா மூடிட்டுப் போயிடுவான் லா. நம்ம பொருள் நம்ம சர்வர்ல இருக்கணும்" என்று பிடிவாதமாக நின்றார். ஒரு கிளவுட் நிறுவனத்தில் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் தானே நிறுவினார். எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த சர்வரை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் உண்டு. கண்ட்ரோல் பேனல் என்பார்கள். கடவுச்சொல் போட்டு உள்ளே போனால் கோப்புகள், மின்னஞ்சல், பேக்கப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் இருக்கும். அண்ணன் விடுமுறைக்குப் போகும் வாரங்களில் ஒலிப்பதிவை ஏற்றும் வேலை என்னுடையது. அதற்கு நான்கு இடங்களில் அழுத்த வேண்டும். அந்த நான்கைத் தவிர வேறு எதையும் நான் தொட்டதில்லை.

போன வருடம் அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஈசூனில் ஒரு நர்சிங் ஹோமுக்கு மாற்றினார்கள். என் வீட்டுக்கு அது பக்கம் என்பதால் வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார்ப்பேன். நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது, அல்லது புரிந்தது என்று நாங்கள் நம்பினோம். திரும்பச் சொல்ல அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல்: "சரி." தண்ணீர் வேண்டும் என்றாலும் சரி, வலித்தாலும் சரி, எங்களை அனுப்பிவிட்டுத் தூங்க வேண்டும் என்றாலும் சரி.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "வெப்சைட்டு பாஸ்வேர்டெல்லாம் இதுல இருக்கும்மா. உனக்குத்தான் இது தெரியும்." எனக்கு நான்கு இடங்களில் அழுத்தத் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணி இருந்த நிலையில் சொல்ல வாய் வரவில்லை.

ஏழெட்டு மாதங்கள் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு ஞாயிறு, பதிவை ஏற்றும்போது பாதியில் நின்றது. மறுபடி முயன்றேன். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சிவப்புப் பட்டை ஒன்று வந்தது. எதை அழித்தால் இடம் கிடைக்கும் என்று தெரியவில்லை. எதையும் அழிக்கப் பயம். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடினேன். திங்கட்கிழமை தளமே திறக்கவில்லை. கண்ட்ரோல் பேனலும் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் அங்கிள் போன் செய்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஈசூனில் என் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இரண்டு புளோக் தள்ளித் தனியாக இருக்கிறார். அவர் மனைவி எங்கள் பங்கில் ஆறு ஆண்டுகள் வாசகம் வாசித்தவர். புற்றுநோய் கண்டு, கீமோதெரபி நடக்கும்போதும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து வாசித்தார். கடைசி மாதங்களில் மூச்சு வாங்கும். வாசகத்தின் முடிவில் "ஆண்டவரின்" என்று சொல்லிவிட்டு நிறுத்தி, மூச்சை இழுத்து, அதன் பிறகு "அருள்வாக்கு" என்பார். அந்த இடைவெளியில் கோயிலே அசையாமல் இருக்கும். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அங்கிள் தினமும் காலையில் பஸ் ஏறித் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போவார். போகும்போது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு எங்கள் தளத்தில் மனைவியின் வாசகம் ஒன்றைக் கேட்பார். இதை அவர் மறைத்ததில்லை. யார் கேட்டாலும், "இன்னிக்கு அவ எசாயா வாசிச்சா" என்று சொல்வார்.

"ஏம்மா, நேத்தும் வரல, இன்னிக்கும் வரல. என் போன்ல ப்ராப்ளமா?"

"இல்ல அங்கிள், சர்வர்ல சின்ன ப்ராப்ளம். சரி பண்ணிடுறேன்."

"அவசரமில்லம்மா. ஃப்ரீயா இருக்கும்போது பாரு."

அவசரமில்லை என்று அவர் சொன்னதுதான் என்னை அவசரப்படுத்தியது.

நான் வேலை செய்வது தஞ்சோங் பகாரில், ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில். புதன்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அலுவலகப் பேன்ட்ரியில் சாப்பிடும் மேசையில் மடிக்கணினியை வைத்தேன். அண்ணனின் நோட்டில் இன்னொரு முகவரியும் கடவுச்சொல்லும் இருந்தன. கிளவுட் நிறுவனத்தின் பக்கம் அது. அதுவரை நான் பார்த்த கண்ட்ரோல் பேனல் சர்வருக்கு உள்ளே இருப்பது. இது சர்வரையே வெளியிலிருந்து ஆட்டிவைக்கும் பேனல். உள்ளே போனேன். எங்கள் சர்வரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. நன்றாக ஓடுகிறது என்று அர்த்தமாம்.

உதவிக்கான அரட்டைப் பெட்டியில் ஒருவர் வந்தார். நிலைமையைச் சொன்னேன். சர்வரை மறுபடி தொடங்கிப் பாருங்கள் என்றார். செய்தேன், ஒன்றும் மாறவில்லை. உங்கள் திட்டத்தில் சர்வருக்குள் நடப்பதை நாங்கள் தொட முடியாது, உங்கள் நிர்வாகியைக் கேளுங்கள் என்று மரியாதையாக எழுதினார். எங்கள் நிர்வாகி பேச மாட்டார் என்று எழுதினேன். புரிகிறது, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றார். இல்லை என்றேன். பெட்டி மூடிக்கொண்டது.

மறுதொடக்கம் என்ற பட்டனுக்குக் கீழே 'ரீபில்ட்' என்று இன்னொன்று இருந்தது. இடிந்த சுவரைத் திரும்பக் கட்டுவது என்றுதான் அந்தச் சொல் எனக்குப் பட்டது. பழுதானதை எடுத்துக் கட்டித் தருவார்கள் போல என்று நினைத்தேன். அழுத்தினேன். சர்வரில் உள்ள தரவு எல்லாம் அழிந்துவிடும், திரும்பப் பெற முடியாது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. நான் அதைப் படிக்காமல் இல்லை. நிதானமாகப் படித்தேன். ஆனால் பேக்கப் இருக்கிறதே என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நான் உள்ளே போகும்போது பேக்கப் என்ற படத்தின் பக்கத்தில் 'நேற்று முடிந்தது' என்று பச்சை டிக் இருக்கும். அழித்துக் கட்டிவிட்டு பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், இதைத்தான் எல்லாரும் செய்வார்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். உறுதி செய்ய சர்வரின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னது. எங்கள் கோயிலின் பெயரைத்தான் அண்ணன் அதற்கு வைத்திருந்தார். எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பச்சைப் புள்ளி மறுபடி எரிந்தது. கண்ட்ரோல் பேனல் முகவரியைத் திறந்தேன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்றது. தளத்தைத் திறந்தேன். அதுவும் இல்லை.

மறுபடி அரட்டைப் பெட்டி. இம்முறை வேறொருவர். ரீபில்ட் என்றால் டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது என்றார். பேக்கப் இருந்ததா என்று கேட்டார். இருக்கிறது, வாராவாரம் எடுத்தது என்று எழுதினேன். எங்கே சேமித்தீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அண்ணனின் நோட்டைப் புரட்டி, பேக்கப் என்ற தலைப்பின் கீழே சாய்வுக் கோடுகளோடு எழுதியிருந்ததை அப்படியே அனுப்பினேன். பதில் வர நேரமானது. அது அதே டிஸ்க்கில் உள்ள இடம் என்று எழுதினார். ஒவ்வொரு வாரமும் பேக்கப் பழையதை அழிக்காமல் மேலும் மேலும் சேர்ந்திருக்கும், டிஸ்க் நிறைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றும் எழுதினார். வெளியில் ஒரு நகல் வைக்கும் சேவை உங்கள் கணக்கில் இல்லை, வருந்துகிறோம், வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

ஒன்றரை மணிக்கு என் இருக்கைக்குத் திரும்பினேன். அன்று நான் தயாரித்த ஆவணம் ஒன்றில் சரக்கு இறங்க வேண்டிய துறைமுகத்தின் பெயரைத் தவறாகப் போட்டுவிட்டேன். பக்கத்து மேசைப் பெண்தான் கண்டுபிடித்தாள். "அக்கா, ஆர் யூ ஓகே?" என்றாள். வெப்சைட் ஒன்று போய்விட்டது என்றேன். "அய்யோ, திரும்பச் செஞ்சுக்கலாம் லா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மாலையில் அங்கிளுக்குப் போன் செய்யப் போனைக் கையில் எடுத்தேன். இன்னும் வேலை நடக்கிறது அங்கிள் என்று குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினேன். அடுத்த நாளும் அதே பொய். அதற்கடுத்த நாள் அவரே, "பரவால்லம்மா" என்று அனுப்பிவிட்டார். பங்கின் வாட்ஸ்அப் குழுவில், யாராவது வாசகங்களைப் பதிவிறக்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பிக்னிக் புகைப்படங்கள் வந்தன. கிறிஸ்துமஸ் விழாக் காணொளி ஒன்று வந்தது. ஒலிப்பதிவு யாரிடமும் இல்லை. அதுதான் எப்போதும் இருக்கிறதே என்று நினைத்திருக்கிறார்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேகரித்து வைக்கும் தளம் ஒன்றில் எங்கள் பக்கம் கிடைத்தது. தேதிகள், வாசித்தவர் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன ஸ்பீக்கர் படம். அழுத்தினால் சத்தம் வரவில்லை.

சனிக்கிழமை கிளமெண்டிக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாமேவா?"

"எல்லாமே அண்ணி."

"அவரு எப்ப பாத்தாலும் அதுலயேதான் உக்காந்திருப்பாரு. சாப்பாடு ஆறிப்போகும். எனக்குக் கோவமா வரும்." மடித்த துணியை ஒதுக்கிவைத்துவிட்டு, "அவரோட பழைய லேப்டாப்பு ஒண்ணு அலமாரில இருக்கு. பாக்குறியா?" என்றார்.

லேப்டாப் திறந்தது. ஆனால் கடவுச்சொல் கேட்டது. நோட்டில் அது இல்லை. தினமும் கைப்பழக்கத்தில் போடுவதை யார் எழுதிவைப்பார்கள்? இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டு ஈசூனுக்குப் போனோம்.

அண்ணனைச் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தார்கள். அண்ணி அவர் மடியில் தலையணை வைத்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இடது கையைத் தூக்கினார். ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து. நான்காவது எழுத்தில் விரல் விசைப்பலகைக்கு மேலேயே நின்றது. அழித்தார். மறுபடி தொடங்கினார். மூன்றாவது எழுத்திலேயே நின்றது. அவர் வலது கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கை இப்போது வேலை செய்யவில்லை. ஐந்தாவது முறை கையை எடுத்து நாற்காலியின் பக்கவாட்டில் குத்தினார். அண்ணி லேப்டாப்பை வாங்கி மூடினார்.

அப்போதுதான் நான் சொன்னேன். சர்வர், பேக்கப், ரீபில்ட் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இதில் எந்தச் சொல்லையும் நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் அவற்றை முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர் ஒருவர்தான். பேக்கப் அதே டிஸ்க்கில் இருந்தது என்று சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றும் நினைக்கிறேன். தவறு அவருடையதும்தான் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பாரோ? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. உண்மையிலேயே வரவில்லையா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

"சரி," என்றார். பிறகு, "சரி. சரி. சரி." கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அண்ணி துடைத்துவிட்டார். அது என்ன சரி என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்து ஒன்றில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. அடுத்த வாரம் அண்ணியும் நானும் அங்கே போனோம். கடைக்காரர் யாருடைய லேப்டாப் என்று கேட்டார். அண்ணி அடையாள அட்டையைக் காட்டி நிலைமையைச் சொன்னதும், "டிஸ்க்க வெளிய எடுத்துப் படிச்சிரலாம்மா, பாஸ்வேர்ட் தேவையில்ல" என்றார். சொன்னபடி அன்று மாலையே எடுத்துவிட்டார். உள்ளே வாசகங்கள் என்ற பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. திறந்தால் முப்பத்துச் சொச்சம் பதிவுகள். எல்லாம் முதல் வருடத்தின் முதல் சில மாதங்கள். அதன் பிறகு அண்ணன் கையடக்க ரெக்கார்டருக்கு மாறி, அதிலிருந்து நேரடியாக ஏற்றிவிட்டு, ரெக்கார்டரில் இருந்ததை அழிக்கத் தொடங்கிவிட்டார். அங்கிளின் மனைவியுடையது அதில் ஒன்றே ஒன்று இருந்தது. அவர் முதன்முதலாக வாசித்த ஞாயிறாக இருக்க வேண்டும்.

அங்கிளைத் தேக்காவில் சந்தித்தேன். வீட்டுக்கு வருகிறேன் என்றுதான் சொன்னேன். காலையில் எப்படியும் அங்கே வருவேன், கோப்பி குடிப்போம் என்றார். ஈரச்சந்தையிலிருந்து பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு வந்து மீன் பையை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் என் போனையும் இயர்போனையும் கொடுத்தேன்.

கண்ணை மேசையில் பதித்துக் கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுற்றிலும் தட்டுகளின் ஓசை, யாரோ தேத்தண்ணிக்குக் குரல் கொடுத்தார்கள். இரண்டு நிமிடம் இருக்கும். இயர்போனைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"நல்லா இருக்கும்மா. என்ன சத்தமா வாசிக்கிறா, பாத்தியா."

"ஆமா அங்கிள்."

"இது அவ நல்லா இருந்த காலம்." கோப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "நான் கேட்டுக்கிட்டிருந்தது இது இல்ல. கடைசி வருஷத்தோடது. மூச்சு வாங்கிட்டு வாசிப்பாளே, அது. வீட்டுல என்கூட இருந்தப்ப அந்தச் சத்தம்தான் இருந்துச்சு. அதெல்லாம் எப்ப வரும்?"

"வராது அங்கிள். எல்லாம் போச்சு. நான்தான் அழிச்சேன். இத்தன நாளா உங்ககிட்ட பொய் சொல்லிட்டிருந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

"தெரியாமத்தானே செஞ்ச."

"செவப்பு எழுத்துல எழுதியிருந்துச்சு அங்கிள். எல்லாம் அழிஞ்சிடும்னு. படிச்சிட்டுத்தான் அழுத்துனேன்."

"எழுதித்தான் இருக்கும்," என்றார். "ஆஸ்பத்திரில நான் எத்தன பேப்பர்ல சைன் பண்ணேன்! ஒவ்வொண்ணுலயும் என்னென்ன ஆகலாம்னு எழுதித்தான் இருந்துச்சு. டாக்டர் படிச்சும் காட்டுனாரு. வேற என்ன பண்றது, சைன் பண்ணித்தானே ஆகணும்?"

நான் செய்தது அப்படி வேறு வழியில்லாமல் செய்தது இல்லை. அன்று மதியம் பட்டனைத் தொடாமல் டப்பாவைத் திறந்து சாப்பிட்டிருந்தால் எல்லாம் அந்த டிஸ்க்கிலேயே இருந்திருக்கும். தெரிந்தவர் யாராவது ஒருவர் வந்து பத்து நிமிடத்தில் இடம் ஒழித்துக் கொடுத்திருப்பார். இதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த ஒரு பதிவை அவர் போனுக்கு அனுப்பிவைத்தேன். வந்துவிட்டது என்று திறந்து காட்டினார். "மீன் கெட்டுடும்மா, போறேன்" என்று எழுந்தார்.

தளம் இப்போது மறுபடியும் இருக்கிறது. கமிட்டியில் வேறு யாரும் பொறுப்பெடுக்க முன்வராததால் நானே நடத்துகிறேன். சர்வர் இல்லை; இலவசமாகக் கிடைக்கும் பக்கம்தான். ஒவ்வொரு பதிவையும் மூன்று இடங்களில் வைக்கிறேன். புதன்கிழமைகளில் மூன்றையும் திறந்து, ஒலிக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன். எல்லாம் போன பிறகு காட்டும் இந்தக் கவனத்தால் யாருக்கும் ஒன்றும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

அங்கிள் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருகிறார். தேக்காவுக்கு இப்போதும் பஸ்ஸில்தான் போகிறார். போகும்போது எதைக் கேட்கிறார், எதுவும் கேட்கிறாரா என்று நான் விசாரித்ததில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது என்னைப் பார்த்தால் நின்று, "நல்லா இருக்கியாம்மா? வேலையெல்லாம் எப்படி?" என்று கேட்பார். நல்லா இருக்கேன் அங்கிள் என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துபோவார்.